கை தளர்ந்தாலும் வேலை நடக்கும்! அதிசய மனிதர் ஜி.டி. நாயுடுவின் கதை

கோவை அவினாசி ரோட்டில் ஒரு நீண்ட மேம்பாலம் இருக்கிறது. உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்சில் இறங்கலாம். நீளம் 10 கிலோ மீட்டருக்கும் மேல். 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்தப் பாலம் திறக்கப்பட்டது.

அந்தப் பாலத்துக்கு ஒரு மனிதரின் பெயரைச் சூட்டி இருக்கிறார்கள்.

அவர் ராஜா அல்ல. மந்திரியும் அல்ல. பட்டம் பெற்ற என்ஜினீயர்கூட அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்!

அவர்தான் ஜி.டி. நாயுடு. கோவைக்காரர்கள் அவரை "அதிசய மனிதர்" என்று அழைத்தார்கள். "இந்தியாவின் எடிசன்" என்றும் அவருக்குப் பெயர் உண்டு.

இன்று தாத்தா பாட்டிகளுக்கு உதவ எத்தனையோ கருவிகள் வந்து விட்டன. கீழே விழுந்தால் மகனுக்குச் செய்தி அனுப்பும் கடிகாரம் இருக்கிறது. மாத்திரை சாப்பிடும் நேரத்தை நினைவூட்டும் பெட்டி இருக்கிறது. வாயால் சொன்னால் எரியும் விளக்கு இருக்கிறது.

நாயுடு காலத்தில் இவை எதுவும் கிடையாது. முதியோருக்கு என்று தொழில் தொடங்கியவரும் அல்ல அவர். ஆனால் உடல் வலுவால் செய்ய வேண்டிய வேலையை எந்திரத்திடம் ஒப்படைப்பது எப்படி என்று கொங்கு நாட்டுக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். வலு குறைந்தவர்களுக்குத்தானே அந்த எந்திரம் அதிகம் தேவை?

அதனால் அவருடைய வாழ்க்கையை இன்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

படிக்காத பையன்

கோவைக்குக் கிழக்கே சூலூர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர் கலங்கல். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். தந்தையின் பெயர் கோபால்சாமி நாயுடு.

குழந்தை விவரம் அறியும் முன்பே தாயார் இறந்து போனார். தாய் முகம் அறியாத பிள்ளை மிகவும் குறும்பாக வளர்ந்தது.

பள்ளிக்கூடம் என்றால் துரைசாமிக்கு வேப்பங்காய். வாத்தியார் மீது மண்ணை அள்ளி வீசி விட்டு ஓடுவானாம்! மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

தந்தை பார்த்தார். படிக்காத பையனைத் தோட்டத்துக்குக் காவலாக அனுப்பி விட்டார்.

அங்கேதான் ஒரு மாறுதல் ஏற்பட்டது. தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பையனுக்குப் பொழுது போகவில்லை. தமிழ்ப் புத்தகங்களை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடம் தர முடியாத படிப்பு தோட்டத்து மர நிழலில் கிடைத்தது. யாரும் கட்டாயப்படுத்தாத படிப்பு அது. ஆகையால் மனதில் ஒட்டிக் கொண்டது.

காளை இல்லாத வண்டி

ஒரு நாள் அந்தப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார்.

காளை இல்லை, குதிரை இல்லை. ஆனால் வண்டி ஓடுகிறது! துரைசாமி வாயைப் பிளந்து கொண்டு நின்றான். மற்றவர்கள் வேடிக்கை பார்த்து விட்டுப் போய் விட்டார்கள். அவன் போகவில்லை. வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவனைப் பிடித்துக் கொண்டது.

அந்த வண்டியை எப்படியாவது வாங்கி விட வேண்டும் என்று முடிவு செய்தான். கையில் காசு கிடையாது. ஊரை விட்டுக் கோவைக்குப் போனான். ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தான். சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்தான்.

300 ரூபாய் சேர்ந்ததும் நேரே அதிகாரியிடம் போய் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினான்.

வாங்கியவன் அதில் ஏறி ஊர் சுற்றினான் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றினான். ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தான். திரும்பவும் பூட்டினான். மறுபடியும் கழற்றினான். இப்படியே பழகி, மெக்கானிக் ஆகி விட்டான்.

பிற்காலத்தில் அவர் செய்த அத்தனை காரியங்களுக்கும் இதுவே அஸ்திவாரம்.

ஏற்றமும் இறக்கமும்

வாலிபரான பிறகு நாயுடு திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்தார். நல்ல லாபம் வந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வியாபாரம் செய்தார். அங்கே பணத்தை இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

கோவையில் அப்போது ஸ்டேன்ஸ் துரை என்ற வெள்ளைக்கார முதலாளி இருந்தார். பள்ளிக்கூடமும் தொழிற்சாலைகளும் நடத்தியவர். அவரிடம் போய் நின்றார், நாயுடு. ஸ்டேன்ஸ் உதவியால் ஒரு பஸ் கிடைத்தது.

1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது. டிரைவர் யார் தெரியுமா? முதலாளி நாயுடுவேதான்!

பழனி மலை முருகனைத் தரிசிக்கப் போகும் வயதானவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் நடந்து போக வேண்டும். அல்லது மாட்டு வண்டியில் எலும்பு நோக ஆடிக் கொண்டு போக வேண்டும். நடக்க முடியாத பாட்டிக்கு, மலையடிவாரம் வரை போகும் பஸ் எவ்வளவு பெரிய வரம்!

ஒரு பஸ் பலவாகப் பெருகியது. "யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்" என்று கம்பெனிக்குப் பெயர். சுருக்கமாக "யு.எம்.எஸ்." என்று சொல்வார்கள். சில வருடங்களிலேயே நாட்டில் சிறப்பாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்ற பெயரைப் பெற்றது.

டிக்கெட் கொடுப்பதற்கு எந்திரம் அமைத்தார், நாயுடு. குறித்த நேரத்தில் பஸ் புறப்பட வேண்டும், குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார்.

முகச் சவரம்

நாயுடு பல முறை வெளிநாடுகளுக்குப் போனார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். 1936-ம் ஆண்டு லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே சினிமாப் படம் எடுத்தார். காமிராவில் தூரத்தைச் சரி செய்யும் கருவி ஒன்றையும் உருவாக்கினார்.

அவர் உருவாக்கிய பொருள்களில் உலகம் அறிந்தது, மின்சாரச் சவரக் கருவி. அதற்கு "ராசன்ட்" என்று பெயர். உள்ளே ஒரு சின்னஞ்சிறு மோட்டார் இருக்கும். பாட்டரியால் ஓடும். சுவரில் மின்சாரம் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. மிக மெல்லிய சவர பிளேடும் செய்தார்.

சவரக் கருவிதானே, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம்.

வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். கை நடுங்கும்போது கத்தியால் முகச் சவரம் செய்வது எவ்வளவு ஆபத்து! ஒரு கீறல் விழுந்தால் ரத்தம் வரும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ரத்தம் எளிதில் நிற்காது. ஆகையால்தான், இத்தகைய முதியவர்கள் மின்சாரச் சவரக் கருவியைப் பயன்படுத்துவது நல்லது என்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. தன் முகத்தைத் தானே சவரம் செய்து கொள்வது ஒரு மனிதனுக்குக் கவுரவம். அடுத்தவர் கையை எதிர்பார்த்துத் தாடியுடன் உட்கார்ந்திருப்பது மனதுக்கு வேதனை. நல்ல கருவி, வேலையை மட்டும் செய்வது இல்லை. மானத்தையும் காப்பாற்றுகிறது.

கிணற்றடியில் ஒரு புரட்சி

கொங்கு நாட்டில் ஆற்றுத் தண்ணீர் பாயாத காடு தோட்டங்கள் அதிகம். அங்கே கிணறுதான் தெய்வம். கிணறுகளும் சாதாரணக் கிணறுகள் அல்ல. பாறையை உடைத்து ஆழமாகத் தோண்டியவை.

அந்தத் தண்ணீரை மேலே கொண்டு வரக் "கவலை" இறைப்பார்கள். பெரிய சாலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்க வேண்டும். இரண்டு காளைகள் சரிவில் கீழே இறங்கினால் சால் மேலே வரும். காளைகள் பின்னால் ஏறி வந்தால் சால் மறுபடியும் கீழே போகும். கோழி கூவும் முன்பே ஆரம்பித்து வெயில் ஏறும் வரை இப்படி இறைக்க வேண்டும்.

இந்த வேலைக்குத் திடமான ஆள் வேண்டும். இடுப்பு வளைந்த பெரியவரால் முடியாது. மகன் இருந்தால் பயிர் பிழைக்கும். இல்லாவிட்டால் நிலம் தரிசாகக் கிடக்கும்.

1932-ம் ஆண்டு நீலகிரியில் பைக்காரா மின்சாரத் திட்டம் வேலை செய்யத் தொடங்கியது. மலையில் விழுந்த தண்ணீர், மின்சாரமாகிக் கோவைக்கு வந்தது. மின்சாரம் வந்தால் போதுமா? அதைக் கொண்டு ஓட மோட்டார் வேண்டுமே! மோட்டார்கள் வெளிநாட்டில் இருந்து வந்து கொண்டிருந்தன.

நாயுடு சும்மா இருக்கவில்லை. டி. பாலசுந்தரம் நாயுடு என்ற மற்றொரு தொழில் மேதையுடன் சேர்ந்தார். 1937-ம் ஆண்டு பீளமேட்டில் ஒரு மின்சார மோட்டார் உருவாயிற்று. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் அதுதான் என்று சொல்லப்படுகிறது. பாலசுந்தரம் நாயுடு பிறகு "டெக்ஸ்டூல்" என்ற புகழ் பெற்ற தொழிற்சாலையை நடத்தினார்.

அதற்குப் பிறகு கோவையில் மோட்டார் பட்டறைகளும் பம்ப் பட்டறைகளும் பெருகின. இன்று நாடு முழுவதும் கோவை பம்பு செட்டுக்குப் பெயர் இருக்கிறது.

பம்பு செட் வந்ததும் கிணற்றடியில் என்ன நடந்தது? எழுபது வயதுப் பெரியவர் கைத்தடியை ஊன்றிக் கொண்டு மோட்டார் அறைக்குப் போகிறார். சுவிட்சைப் போடுகிறார். தண்ணீர் கொட்டுகிறது! முன்பு இரண்டு காளையும் ஒரு வாலிபனும் செய்த வேலையை, இப்போது பெரியவரின் ஒரு விரல் செய்கிறது.

பெரியவர் இன்னும் விவசாயிதான். அவர் யாருக்கும் பாரம் அல்ல.

அதே மோட்டார் சமையல் அறைக்கும் வந்தது. ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து, குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்று போன பாட்டிகள் எத்தனை பேர்! 1955-ம் ஆண்டு கோவையைச் சேர்ந்த சபாபதி என்பவர் மாவு அரைக்கும் எந்திரத்தை உருவாக்கினார். அதுதான் வெட் கிரைண்டர். கோவை வெட் கிரைண்டருக்குப் பிறகு புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த எந்திரத்தின் வயிற்றுக்குள் சுழல்வதும் மோட்டார்தான்.

ஏழைக்கு எட்டும் விலை

நாயுடுவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பொருளைப் பார்த்தால், இதைக் குறைந்த விலையில் செய்ய முடியாதா என்று யோசிப்பார்.

1941-ம் ஆண்டு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது.

1952-ம் ஆண்டு இரண்டு பேர் உட்காரக் கூடிய சிறிய காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் அதைத் தயாரிக்க சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் அதோடு நின்று விட்டது.

மின்சாரம் இல்லாத வீட்டுக்காக மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி செய்தார். பழச்சாறு பிழியும் கருவி செய்தார். பல் போன தாத்தாவுக்கு ஆரஞ்சுச் சுளையை மெல்ல முடியாது. சாறாகக் கொடுத்தால் மகிழ்ச்சியாகக் குடிப்பார் அல்லவா? யாரும் மோசடி செய்ய முடியாத ஓட்டு எந்திரம் ஒன்றையும் உருவாக்கினார்.

தோட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய ரகங்களை வளர்த்துக் காட்டினார். விஞ்ஞான மேதை சர் சி.வி. ராமனும், என்ஜினீயர் விசுவேசுவரய்யாவும் அவருடைய தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள்.

காலையில் அஸ்திவாரம் போட்டு ஒரே நாளில் வீடு கட்டிக் காட்டியதும் அவர்தான்!

சர்க்காருடன் அவருக்கு அடிக்கடி தகராறு வந்தது. வரி அதிகம் என்றார். புதிது புதிதாகச் செய்கிறவனுக்கு ஊக்கம் இல்லை என்றார். மனம் வெறுத்து, தாம் உருவாக்கிய பொருள்களைப் பொது மக்களுக்கு முன்னால் உடைத்தும் காட்டினார்.

அது சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். அவர் செய்த பல பொருள்கள் மக்கள் கைக்குப் பெரிய அளவில் போய்ச் சேரவில்லை என்பது உண்மை. சர்க்கார் கதவைத் திறக்காதது ஒரு காரணம். ஒரே வேலையில் நீண்ட நாள் நிற்காமல் அடுத்த வேலைக்குத் தாவிய அவருடைய வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதைக் கடைசி வீடு வரை கொண்டு போய்ச் சேர்ப்பது மீதிப் பாதி.

இரண்டு வருடம் போதும்

மூன்றாம் வகுப்புப் படித்த நாயுடு, 1945-ம் ஆண்டு கோவையில் தொழில் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. நாயுடு அதன் பிரின்சிபாலாகவும் இருந்தார்.

என்ஜினீயர் படிப்புக்கு நான்கு வருடம் தேவை இல்லை, பட்டறையில் கையால் வேலை செய்து கற்றால் இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்புக் கொள்ளவில்லை. நாயுடு விலகிக் கொண்டார்.

அந்தக் கல்லூரிதான் பிறகு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. பீளமேட்டில் "ஹோப் காலேஜ்" என்று இன்றும் பஸ் கண்டக்டர்கள் கூவுகிறார்களே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான்.

நண்பரின் வேன்

நாயுடுவின் நெருங்கிய நண்பர், ஈரோட்டுப் பெரியார். கொள்கை பேசுவதில் அவர் ஒரு பக்கம், எந்திரம் செய்வதில் இவர் ஒரு பக்கம். ஆனாலும் நட்பு கடைசி வரை நீடித்தது.

பெரியாருக்கு 90 வயது கடந்தது. நடக்க முடியவில்லை. சிறுநீர் போவதற்கு டாக்டர்கள் ரப்பர் குழாய் பொருத்தி இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் கட்டிலில் படுத்திருப்பார்கள். அவரோ வேனில் ஏறி ஊர் ஊராகப் போனார். கூட்டங்களில் உட்கார்ந்தபடியே பேசினார். இறப்பதற்குச் சில நாள் முன்பு வரை பேசினார்.

ஒரு குழாய், ஒரு வேன், ஏற்றி இறக்கச் சில கைகள். இந்த மூன்றும் ஒரு முதியவரைத் தம் வேலையைச் செய்ய வைத்தன. வெறும் எந்திரம் மட்டும் இருந்திருந்தால் முடிந்திருக்காது. வெறும் கைகள் மட்டும் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது.

1973-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி பெரியார் காலமானார். பதினோரு நாள் கழித்து, 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடுவும் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 80.

இன்றைய வீடு

நாயுடு மறைந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகி விட்டது. அவர் பார்த்த கோவை இன்று இல்லை.

அன்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருந்தது. இன்று மகன் பெங்களூரில் இருக்கிறான். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். கோவையில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது கடந்தவர்கள். முதியோருக்கு என்றே கோவையைச் சுற்றிலும் தனிக் குடியிருப்புகள் முளைத்து விட்டன.

இந்த வீடுகளுக்குத்தான் புதிய கருவிகள் வருகின்றன.

கைக்கடிகாரத்தை எடுத்துக் கொள்வோம். அதற்குள் நகத்தை விடச் சிறிய உறுப்பு ஒன்று இருக்கிறது. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்று அது அளந்து கொண்டே இருக்கும். கட்டி இருப்பவர் திடீரென்று விழுந்து அசையாமல் கிடந்தால், மகனுடைய செல்போனுக்குத் தானாகவே தகவல் போகும். ஆனால் பாட்டி நாற்காலியில் இருந்து மெல்லச் சரிந்தால், அது விழுந்ததாகவே அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாமல் போகலாம். கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்து விட்டால் பயனே இல்லை.

இரவில் எழுந்து நடந்தால் தானாக எரியும் விளக்கு இருக்கிறது. அதன் விலை குறைவு, பயனோ அதிகம். முதியவர்கள் இருட்டில் தட்டுத் தடுமாறி விழுவதை அது தடுக்கும். குளியல் அறைச் சுவரில் ஒரு கைப்பிடி இருந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பாட்டரியும் வேண்டாம்!

வீட்டுக்குள் காமிரா வைக்கிறவர்களும் உண்டு. பெரியவர்களைக் கேட்காமல் வைக்கக் கூடாது. உடை மாற்றும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம், எந்த வயதிலும் கூச்சத்தைத் தரும்.

அரசாங்கத்தின் உதவியும் இருக்கிறது. முதியோர் எந்த ஊரில் இருந்தும் 14567 என்ற எண்ணுக்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம். அவசரம் என்றால் 108 ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

நாயுடு காட்டிய வழி

புதிய கருவி ஒன்றை வாங்கி அனுப்பி விட்டால் கடமை முடிந்தது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் பெரியவருக்கு ஒன்றும் புரியாது. எழுத்து சிறிதாக இருக்கும். பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு பொத்தானுக்குப் பதில் ஒன்பது பொத்தான் இருக்கும். இரண்டு நாளில் அந்தக் கருவி பரண் மேல் ஏறி விடும்.

குற்றம் பெரியவர் மீது அல்ல. அவருடைய கையையும் கண்ணையும் கேட்காமல் கருவி செய்தவர்கள் மீதும், வாங்கியவர்கள் மீதும்தான்.

நாயுடுவின் வாழ்க்கை இதற்கு வழி காட்டுகிறது. மோட்டார் சைக்கிளை வாங்கியதும் கழற்றிப் பார்த்தார். பஸ் வாங்கியதும் தாமே ஓட்டினார். பொருள் செய்தால் விலை எட்டுமா என்று பார்த்தார்.

நாமும் அப்படியே செய்யலாம். ஒரு கருவியைப் பெற்றோருக்குக் கொடுக்கும் முன்பு, ஒரு வாரம் நாமே அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். நடுங்கும் விரலால் இந்தப் பொத்தானை அமுக்க முடியுமா? கண்ணாடி போடாமல் இந்த எழுத்துத் தெரியுமா? மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? கெட்டுப் போனால் பக்கத்தில் யார் பார்ப்பார்கள்? இத்தனைக்கும் பதில் கிடைத்தால் வாங்கலாம்.

வாங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக ஒரு முறைக்குப் பத்து முறை சொல்லிக் கொடுக்க வேண்டும். நமக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர்கள் ஒரே நாளிலா சொல்லிக் கொடுத்தார்கள்?

கோவைக்குப் போகிறவர்கள் அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. நாயுடு மியூசியத்தைப் பார்த்து விட்டு வரலாம். அவர் உருவாக்கிய பொருள்கள் அங்கே இருக்கின்றன. பேரப் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போங்கள். தாத்தா பாட்டியையும் அழைத்துக் கொண்டு போங்கள். பேரன் எந்திரத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவான். கவலை இறைத்த கதையைத் தாத்தா சொல்வார்.

கிணற்றடியில் சுவிட்சைப் போட்ட அந்தப் பெரியவரை மறக்க வேண்டாம். எந்திரம் அவருடைய வேலையைப் பறிக்கவில்லை. அவருடைய வேலையை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. முதுமைக்கு உதவும் எந்தக் கருவியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மகன் அனுப்பிய கடிகாரம், தாத்தா விழுந்தால் சொல்லும். ஆனால் அவர் நன்றாகச் சாப்பிட்டாரா, நன்றாகத் தூங்கினாரா, மனதில் என்ன குறை என்பதை மகன்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்கும் எந்திரத்தை நாயுடுவும் செய்யவில்லை!